பிணச்சீத்தாவின் ஏழு விதைகள்

கப்பக்காவுக்கு எதைக் கண்டும் குமட்டாது. முப்பத்தொரு வருடம் ஆஸ்பத்திரி லேபில் ஊரார் மலத்தையும் சளியையும் கண்ணாடித் துண்டில் தடவிப் பார்த்தவள். அவளுக்குக் குமட்டல் வந்திருந்தால் வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது. வருகிறவர்களிடம் மூடி போட்ட பிளாஸ்டிக் கப்பை நீட்டி, "காலைல முதல் சளி, நல்லா ஆழத்துலேர்ந்து காறித் துப்பணும், எச்சில் வேணாம்" என்று சொல்லிச் சொல்லியே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஓய்வு பெற்று ஐந்து வருடமாகியும் அது உதிரவில்லை.

அவள் வீட்டுக்காரர் இதற்கு நேர்மாறு. வாசல் அறையில் மெஷின் போட்டுப் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவர். நாள் முழுக்க வெள்ளைத் துணியோடு பழகி, ஒரு தும்மல் போட்டால்கூட எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வருவார். இப்படிப்பட்ட மனிதரின் வீட்டுப் பின்பக்கத்தில்தான் பிணச்சீத்தா நின்றது.

பெயரே சொல்லிவிடும். சீத்தாப்பழத்துக்கு ஒன்றுவிட்ட உறவு. மலைமேல் இருக்கும் மழைக்காட்டைத் தவிர வேறெங்கும் பிறக்காத மரம். பூ கிளையில் வராது, அடிமரத்துப் பட்டையைப் பிளந்துகொண்டு வரும். ஈரல் நிறம். வாசனை என்று சொன்னால் வாசனைக்கே அவமானம். அலமாரிக்குப் பின்னால் எலி செத்து மூன்றாம் நாள் வீட்டில் ஒரு நாற்றம் கிளம்புமே, அதுதான்.

பதினோரு வருடத்துக்கு முன்பு, மலையடிவாரத்து நாற்றங்காலில் இந்த மரத்தின் மூன்று கன்றுகளை மூன்று வீடுகளுக்குக் கொடுத்தார்கள். காட்டில் தெரிந்தவரை ஒரே ஒரு தாய்மரம்தான் மிச்சம், அதற்கு ஏதாவது ஆகிவிட்டால் வம்சமே போய்விடும் என்ற பயம். காசு வாங்கவில்லை. ஒரே ஒரு வாக்குத்தான் வாங்கினார்கள். "காய்ச்சா விதையைத் திருப்பிக் கொண்டாந்து குடுங்கம்மா, அது போதும்" என்று சொல்லித்தான் அப்போது புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த பெண் கன்றைக் கப்பக்காவின் கையில் வைத்தாள். மற்ற இரண்டு வீடுகளில் ஒன்று அளவுக்கு மீறி எரு போட்டே கன்றைக் கொன்றது. இன்னொன்று கார் நிறுத்த இடம் போதவில்லை என்று வெட்டியது. போன வருடத்துக்கு முந்தின வருட மழையில் மலைச்சரிவு இடிந்து, தாய்மரமும் மண்ணோடு மண்ணாகப் போனது. ஒட்டுக் கட்டிப் பார்த்தார்கள், பிடிக்கவில்லை. பதியம் போட்டார்கள், அழுகியது. ஆக, இன்றைய தேதிக்கு உலகத்தில் தெரிந்த ஒரே பிணச்சீத்தா சீருடைத் தையல்காரர் வீட்டுத் துணி காயப்போடும் கொடிக்குப் பக்கத்தில் நின்றது.

ஆனால் அது காய்க்கவில்லை. மூன்று வருடம் பூத்தது, நாறியது, உதிர்ந்தது. கப்பக்கா மெல்லிய தூரிகையால் மகரந்தம் தடவிப் பார்த்தாள். பூவின் இதழ்கள் மூடிய கைபோல் இறுகிக் கிடந்தன; பிரித்தால் கிழிந்தது. அதற்குள் நுழையத் தெரிந்தது ஒரே ஒரு பிராணி, பிணத்தை மொய்க்கும் பச்சை ஈ. காட்டில் செத்து அழுக ஏதாவது கிடைக்கும், ஈயும் இருக்கும். வீட்டில்?

வீட்டில் கப்பக்கா ஏற்பாடு செய்தாள். மீன் கடையில் சொல்லிவைத்துத் தலையும் குடலுமாக ஒரு பை வாங்கி, வெயிலில் இரண்டு நாள் பதப்படுத்தி, வெங்காயம் வரும் வலைப்பையில் போட்டு அடிமரத்தில் கட்டித் தொங்கவிட்டாள். மூன்றாம் நாள் ஈ வந்தது. ஐந்தாம் நாள் ஈக்கூட்டம் வந்தது. ஏழாம் நாள் வலைப்பையிலிருந்து புழு சொட்டியது.

"ஏம்மா, இது வீடா பிணவறையா?" வீட்டுக்காரர் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு மெஷின் மிதித்தார். "சட்டை வாங்க வந்த பொம்பள வாசப்படியிலேயே வாந்தி எடுத்துட்டுப் போறா. வெள்ளைச் சட்டை மேல ஈ உக்காந்து புள்ளி புள்ளியா வச்சிருக்கு. நான் என்ன புள்ளி போட்ட யூனிஃபார்மா தைக்கறேன்?"

"பத்து நாள் பொறுத்துக்கோங்க. பூ முடிஞ்சதும் எடுத்துடறேன்."

"சோத்துல கை வைக்க முடியல."

"ஸ்பூன்ல சாப்பிடுங்க."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் பையை அவிழ்த்து எறியவில்லை. அந்த மனிதரின் நல்ல குணம் அது. எதையும் முணுமுணுத்துக்கொண்டே பொறுத்துக்கொள்வார்.

இருநூறு பூவில் ஒன்று பிடித்தது. ஒரே ஒரு காய். அது ஆள் முஷ்டி அளவுக்கு வளர நான்கு மாதம் ஆனது. வௌவால் கடிக்காமலிருக்க அவரே மிச்சத் துணியில் ஒரு உறை தைத்து, சுருக்குக் கயிறு வைத்துக் கொடுத்தார். அந்த உறைக்குள் அது பழுத்தது.

இங்கேதான் சங்கம் வருகிறது. அரிய மரம் வளர்ப்போர் சங்கம் என்று பெயர். கப்பக்காவும் அதில் உறுப்பினர். மீன் குடல் கட்டித் தொங்கவிடும் யோசனையே, நாற்றங்கால் பெண்ணும் இருக்கும் சங்கத்து வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ போட்டதுதான். அதன் தலைவர் இரும்புக் கடை வைத்திருக்கிறவர். மாடியில் கண்ணாடிக் கூண்டு கட்டி நூற்றுக்கணக்கில் தொட்டி வைத்திருக்கிறார். ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு பலகை: 'இது ஒன்றே உள்ளது.' அந்தப் பலகைக்காகவே வாழ்கிற மனிதர். ஒருமுறை தன்னிடம் இருக்கும் அதே செடி வேறொருவர் வீட்டிலும் இருப்பது தெரிந்து, கெஞ்சிக் கூத்தாடி அதை விலைக்கு வாங்கி வந்து வேரில் கொதிநீரை ஊற்றினார். இதைத் தன் வாயாலேயே கூட்டத்தில் சொல்லிச் சிரித்தார். கூடவே நாலு பேர் சிரித்தார்கள். அன்று கப்பக்காவுக்கு மனிதர்மேல் வந்த அருவருப்பு, எந்தக் கப்பைத் திறந்தபோதும் வந்ததில்லை. "செடிக்குக் கொதிதண்ணி ஊத்தறவன் மனுஷனாங்க? இவனைத் தலைவர்னு வேற கூப்பிடறோம்" என்று வீட்டுக்கு வந்து அன்று முழுக்கப் பொருமித் தீர்த்தாள்.

சங்கத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த மரத்திலும் முதல் பழம் விழுந்தால் அதை உறுப்பினர்கள் முன்னால்தான் அறுக்க வேண்டும். விதையை எண்ணித் தட்டில் வைத்து எல்லோரும் பார்த்த பிறகுதான் வாயில் வைப்பார்கள். ஏன் எண்ணுகிறார்கள் என்று கேட்டால், ஒருவரை ஒருவர் அவர்களுக்கு அவ்வளவு நன்றாகத் தெரியும் என்பதுதான் பதில்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு பேர் வந்தார்கள். வீட்டுக்காரர் மெஷினுக்குத் துணி போர்த்திவிட்டு நாற்காலி போட்டார். கப்பக்கா பழத்தை அறுத்தாள். மஞ்சள் சதை, வழவழவென்று, மூக்குச்சளி பதத்தில். உள்ளே ஏழு கறுப்பு விதைகள். இந்தச் சாதிப் பழத்தில் சதை விதையை விட்டுப் பிரியாது. வாயில் போட்டுச் சப்பித்தான் எடுக்க வேண்டும். ஆளுக்கொரு விதையாகச் சதையோடு எடுத்துக்கொண்டார்கள். தலைவர் விரலால் தட்டைத் துழாவி இருப்பதிலேயே பெரியதை எடுத்தார்.

ஏழு பேரும் கண்ணை மூடிச் சப்பினார்கள். ஏழு வாயிலிருந்தும் சளக் சளக் என்று சத்தம். ஒருவர் மோவாயில் சதை வழிந்தது. அதைப் புறங்கையால் வழித்து மறுபடி வாய்க்குள் தள்ளினார். கப்பக்கா கத்தியில் ஒட்டியிருந்ததை நக்கிப் பார்த்தாள். வாயில் இனிப்பு, மூக்கில் செத்த எலி. "அபாரம்!" என்றார் தலைவர். "தெய்வீகம்!" என்றார் இன்னொருவர். பொய் சொல்வதிலும் சங்கத்துக்கு ஒரு ஒற்றுமை இருந்தது.

தட்டு ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி வந்தபோது அதில் ஆறு விதைகள் இருந்தன.

கப்பக்கா மறுபடி எண்ணினாள். ஆறுதான்.

"யாராச்சும் தெரியாம முழுங்கியிருப்பாங்க மேடம்" என்றார் தலைவர். கொஞ்சம் குழறலாக.

"முழுங்கியிருந்தா ஒண்ணும் மோசமில்ல. ரெண்டு நாள் எல்லாரும் இங்கேயே தங்குங்க. நான் கரைச்சுச் சலிச்சு எடுத்துக்கறேன். முப்பத்தொரு வருஷம் அதான் என் பொழப்பு."

யாரும் சிரிக்கவில்லை. கப்பக்கா உள்ளே போய், பழைய லேபிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த கப்புகளில் ஏழை எடுத்து வந்தாள். ஆளுக்கொன்று நீட்டினாள்.

"தண்ணி தரேன். வாயைக் கொப்புளிச்சு இதுல துப்புங்க. அடிக்கன்னத்துலேர்ந்து வரணும்."

"மேடம், இது அவமானம்" என்றார் தலைவர். பேசும்போது அவருடைய இடது கன்னம் வலதைவிடக் கொஞ்சம் பருத்திருந்தது. பல்வலிக்காரனைப் போல் அந்தப் பக்கத்தை அசைக்காமல் பேசினார்.

"துப்புங்க சார்" என்றாள், எத்தனையோ ஆயிரம் நோயாளிகளிடம் சொன்ன அதே குரலில். அந்தக் குரலுக்கு மறுப்புச் சொன்னவர் கிடையாது. தலைவர் துப்பினார். கப்பின் அடியில் விதை டொக்கென்று விழுந்தது. எச்சில் நூல் அறுபடாமல் அவர் உதட்டுக்கும் கப்புக்கும் நடுவில் தொங்கியது. நரை மீசை, மடிப்புக் கலையாத சட்டை, ஊரில் நாலு பேர் எழுந்து நிற்கும் மரியாதை, இத்தனையையும் வைத்துக்கொண்டு கடைவாயில் திருட்டு விதை. "சீ!" என்றாள் கப்பக்கா வாய்விட்டு. தலைவர் அசடு வழிந்துகொண்டே செருப்பை மாட்டினார். மற்ற ஆறு பேரும், தங்களுக்கு இது தோன்றவில்லையே என்ற வருத்தத்தோடுதான் கிளம்பினார்கள் என்று அவளுக்குப் பட்டது.

அன்று சாயங்காலம் அவள் சமையலறையில் விதைகளைக் கழுவினாள். நல்ல விதை மூழ்கும், சூம்பல் மிதக்கும். இது குழந்தைக்கும் தெரிந்த சோதனை. பாத்திரத்துத் தண்ணீரில் ஏழையும் போட்டாள். நான்கு மிதந்தன. மூன்று அடியில் போய் உட்கார்ந்தன. தலைவர் கன்னத்தில் இருந்த பெரியது அந்த மூன்றில் ஒன்று.

மறுநாள் காலை நாற்றங்கால் பெண் வருவதாகச் சொல்லியிருந்தாள். மூன்றையும் கொடுக்க வேண்டியதுதான். கப்பக்கா ஈர மணல் நிரப்பிய டப்பாவை எடுத்தாள். அப்போது ஜன்னல் வழியாக மரம் தெரிந்தது. இன்று ஏழு பேர் தேடி வந்தார்கள். ஒருவன் திருடவே செய்தான். போன மாதம் எங்கிருந்தோ இரண்டு பேர் பட்டையைத் தொட்டுப் பார்க்க மட்டும் வந்துவிட்டுப் போனார்கள். நாற்றங்காலில் இது முளைத்தால் பத்தாகும், பத்து நூறாகும், அப்புறம் தெருவுக்கொன்று நிற்கும். யார் வருவார்கள்? அடுத்த வருடம் காய்த்தால் கொடுத்துக்கொள்ளலாமே. எப்படியும் கொடுக்கத்தானே போகிறோம், எப்போது என்பதுதானே கணக்கு?

அவள் இன்னொரு டப்பாவை எடுத்தாள்.

"எதுக்கு ரெண்டு டப்பா?" என்று கேட்டார் வீட்டுக்காரர், தண்ணீர் குடிக்க வந்தவர்.

"போய் உங்க வேலையைப் பாருங்க."

நாற்றங்கால் பெண் விடிந்ததும் வந்துவிட்டாள். பதினோரு வருடத்தில் அவள்தான் அங்கே பொறுப்பாளர் ஆகியிருந்தாள். நகக்கண்ணில் மண், தோளில் ஈரப் பாசி அடைத்த பை. டப்பாவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"குரூப்ல ஏழுன்னு போட்டிருந்தாங்களேம்மா?"

"மூணு சூம்பல். தூக்கிப் போட்டுட்டேன்" என்றாள் கப்பக்கா. வாய் கூசவில்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"நாலு இருக்கேம்மா, அது போதும். எங்க ஆளுங்க யாரும் நேத்து தூங்கல, தெரியுமா? உங்களால வந்துதும்மா இது." அவளுக்குக் கண் கலங்கியது. காப்பி குடிக்கக்கூட நிற்கவில்லை; ஈரம் காய்ந்தால் விதை செத்துவிடும் என்று ஓடினாள்.

இரண்டு நாள் கழித்துக் குரூப்பில் நாற்றங்கால் பெண்ணின் செய்தி வந்தது. நான்கும் மிதந்துவிட்டனவாம். ஒரு நம்பிக்கையில் வெட்டிப் பார்த்தார்களாம். உள்ளே வெறும் கூடு. 'இருந்தாலும் பதினோரு வருடம் மரத்தைக் காப்பாற்றிய அம்மாவுக்கு எங்கள் நன்றி' என்று முடித்திருந்தாள். கீழே எல்லோரும் கும்பிடும் கைகளைப் போட்டிருந்தார்கள். கப்பக்கா படித்துவிட்டு ஒரு தொட்டிக்கு மண் நிரப்பப் போனாள். மூன்றில் ஒன்றைத் தொட்டியில் போட்டுப் பார்க்க ஆசை.

கை முழுக்க மண்ணாக இருந்தபோது போன் அடித்தது. வீட்டுக்காரர்தான் எடுத்து, ஸ்பீக்கரைப் போட்டு அவள் பக்கத்தில் வைத்தார். தலைவர்.

"மேடம், நடந்ததை மனசுல வச்சுக்காதீங்க. செய்தியைப் பாத்தேன். நாலும் மிதந்துடுச்சாமே."

"ஆமா."

"என் வாயில இருந்தது மிதக்காதே மேடம். நல்ல கனம். நாப்பது வருஷமா விதையை வாய்ல வச்சுப் பாத்தவன், என் நாக்குக்குத் தெரியாதா?" கலகலவென்று சிரித்தார். "பயப்படாதீங்க, யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன். வாழ்த்துச் சொல்லத்தான் கூப்பிட்டேன். இத்தனை வருஷமா நீங்க ஏதோ பொழுதுபோக்குக்குச் செடி வைக்கிறவங்கன்னு நினைச்சுட்டேன். இப்பதான் புரிஞ்சுது. நீங்களும் நம்ம ஆளுதான் மேடம்."

போன் அணைந்தது. கப்பக்கா கையிலிருந்த மண்ணை உதறினாள். அந்த ஆளின் எச்சில் தன் நாக்கில் ஊறுவதுபோல் இருந்தது. குழாயடிக்குப் போய் வாய் கொப்புளித்தாள், போகவில்லை. நம்ம ஆள். அதுவும் யார் வாயால்! செடிக்குக் கொதிநீர் ஊற்றியவன் அவளை நெஞ்சாரப் பாராட்டுகிறான். அவனாவது ஒரு விதையைத்தான் கன்னத்தில் ஒளித்தான். அவள் மூன்றை ஒளித்துவிட்டு, அழுதுகொண்டு நன்றி சொன்னவளை வாசல்வரை போய் வழியனுப்பிவைத்தாள். அவளுக்குத் தன்மேலேயே சீ என்று வந்தது.

வீட்டுக்காரர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"அந்த மீன் குடலைக் கூட நான் பொறுத்துக்கிட்டேன்ம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு மெஷினுக்குப் போனார். அன்று இரண்டு வேளையும் அவரே போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் கப்பக்கா மலையடிவாரம் போனாள். டப்பா மடியில் இருந்தது. வழியெல்லாம் பதில் தயார் செய்தாள். கண் சரியாகத் தெரியவில்லை, டப்பா மாறிப்போச்சு. குப்பையில் போட்டது தானாக முளைவிட்டிருந்தது. வீட்டுக்காரர் எங்கோ எடுத்து வைத்துவிட்டார். மூன்று சாக்குமே நன்றாகத்தான் இருந்தன. எதைச் சொன்னாலும் அந்தப் பெண் நம்புவாள்.

நாற்றங்கால் ஒரு நீளமான கொட்டகை. பச்சை வலைக் கூரை, தரையெல்லாம் ஈரம், வரிசை வரிசையாகக் கறுப்புப் பைகளில் கன்றுகள். ஓரத்தில் ஒரு நாற்றுத் தட்டு காலியாக இருந்தது. நான்கு குழி தோண்டி மண்ணைச் சலித்துப் போட்டு வைத்திருந்தார்கள். அதில் ஒன்றும் நடவில்லை.

"அம்மா! நீங்களா? வாங்கம்மா, உக்காருங்க." அந்தப் பெண் ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். கப்பக்கா உட்காரவில்லை. டப்பாவை நீட்டினாள்.

அந்தப் பெண் திறந்து பார்த்தாள். உடனே ஒரு மக்கில் தண்ணீர் பிடித்து, ஒவ்வொன்றாகப் போட்டாள். மூன்றும் மூழ்கின. ஒன்றில் தோல் வெடித்து, வெள்ளையாக ஒரு முனை எட்டிப் பார்த்தது. அவள் முகம் முதலில் மலர்ந்தது. பிறகு அவள் நிமிர்ந்து கப்பக்காவைப் பார்த்தாள், யோசித்தாள், புரிந்துகொண்டாள். எல்லாம் அந்த முகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தது.

"தூக்கிப் போட்டுட்டேன்னு சொன்னீங்களே."

"பொய்."

"உங்க வீட்ல மரமே நிக்குதேம்மா. இந்த விதையை ஒளிச்சு வச்சு உங்களுக்கு என்ன ஆகப் போகுது?"

பஸ்ஸில் தயார் செய்ததில் ஒன்றும் நாக்குக்கு வரவில்லை.

"எனக்கு ஒண்ணும் ஆகாது" என்றாள் கப்பக்கா. "வேற யார்கிட்டயும் இருக்கக் கூடாதுன்னுதான் வச்சேன்."

அந்தப் பெண் மக்கின் பக்கம் திரும்பினாள். பிறகு கையைத் தண்ணீருக்குள் விட்டு, முளைவிட்ட விதையை இரண்டு விரலால் மெதுவாக எடுத்துக் காலித் தட்டின் முதல் குழியில் வைத்து மண்ணைத் தள்ளினாள். அடுத்தது. அதற்கடுத்தது. நாலாவது குழியை உள்ளங்கையால் தட்டிச் சமப்படுத்தினாள். கப்பக்கா அங்கே நிற்பது தெரிந்தும் நிமிரவில்லை.

"அடுத்த பஸ் பத்து நிமிஷத்துல வரும்" என்றாள். "கிளம்புங்க."

அந்தப் பேச்சில் 'அம்மா' இல்லை. கப்பக்கா கொஞ்சம் நின்று பார்த்தாள், சேர்த்துச் சொல்வாளோ என்று. பிறகு ஈரத் தரையில் வழுக்காமல் மெல்ல நடந்து ரோட்டுக்கு வந்தாள்.